செய்தி சேனல் வேலையைக் கல்லூரியில் கற்க முடியுமா?

அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிளஸ் டூ முடித்த மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். தொலைக்காட்சிச் செய்தியாளர் ஆக வேண்டும் என்று ஆசை. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) சேர்ந்தால் செய்தி சேகரிப்பதையும் தயாரிப்பதையும் உண்மையிலேயே கற்றுத் தருவார்களா, இல்லை வேறு ஏதாவது டிகிரி முடித்துவிட்டு நேராக ஒரு சேனலில் சேர்ந்து பழகிக்கொள்வது நல்லதா? கேமரா வாங்க அப்பா ஒரு லட்சம் வரை தரத் தயாராக இருக்கிறார், வாங்கலாமா? மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். இந்த வேலையில் வகுப்பில் கற்கக்கூடியது எது, களத்தில் இறங்கினால் மட்டுமே வருவது எது என்பதுதான் அது. அது பிடிபட்டால் எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, கேமரா வேண்டுமா என்பதற்கெல்லாம் நீங்களே முடிவு சொல்லிவிடுவீர்கள்.

நான் எங்கே நின்று பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு செய்தி சேனலில் பல ஆண்டுகள் அவுட்புட் டெஸ்க்கில் இருந்தேன். வந்து சேரும் செய்திகளை எழுதி, அடுக்கி, ஒளிபரப்புக்கு அனுப்பும் பக்கம் அது. இப்போது கல்லூரிகளில் பகுதி நேரமாக வகுப்பெடுக்கிறேன். எழுத்து, புல்லட்டின் (குறித்த நேரத்தில் ஓடும் செய்தித் தொகுப்பு), சரிபார்ப்பு பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கேமரா பற்றிச் சொல்வது கூட வேலை செய்த ஒளிப்பதிவாளர்களிடம் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டது. எந்தக் கல்லூரி இந்த ஆண்டு சிறந்தது என்ற பேச்சுக்குள் நான் போகப்போவதில்லை. ஒரு துறையின் தரம் அங்கே இப்போது யார் பாடம் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அவர் போய்விட்டால் அதுவும் போய்விடும்.

உங்கள் மாவட்டத்திலேயே அடிக்கடி நடக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குடிநீர் வரவில்லை என்று பெண்கள் காலிக் குடங்களோடு சாலை மறியல் செய்கிறார்கள். தாலுகா அளவில் இருக்கும் ஸ்ட்ரிங்கர், அதாவது செய்திக்கு இவ்வளவு என்று பணம் பெறும் பகுதி நேரச் செய்தியாளர், அதைப் படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்புகிறார். அசைன்மென்ட் டெஸ்க்கில் இருப்பவர் அதைப் பார்த்து, செய்தியாக எடுத்துக்கொள்ளலாமா, மாவட்டச் செய்தியாளரை அனுப்ப வேண்டுமா என்று முடிவெடுக்கிறார். உதவி ஆசிரியர் ஸ்கிரிப்ட் எழுதுகிறார். குரல் பதிவாகிறது. எடிட்டர் விஷுவலை வெட்டி ஒட்டுகிறார். கிராஃபிக்ஸ் பிரிவு ஊர்ப் பெயரையும் பேசியவர் பெயரையும் ஏற்றுகிறது. புல்லட்டின் புரொட்யூசர் அதை ரன்டவுனில், அதாவது எந்தச் செய்திக்குப் பின் எது என்ற வரிசைப் பட்டியலில், எந்த இடத்தில் வைப்பது என்று பார்க்கிறார். பிசிஆர் என்னும் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் பட்டனைத் தட்ட, உங்கள் வீட்டுத் திரையில் அது 40 நொடி ஓடுகிறது. இந்தச் சங்கிலியில் பத்துப் பேராவது கை வைத்திருப்பார்கள். ஒருவர் கை தவறினாலும் திரையில் தெரியும்.

இந்தச் சங்கிலியின் பெரும்பகுதியைக் கல்லூரியில் கற்க முடியும். இது உறுதி. ஆனால் பெரும்பாலான கல்லூரிகள் கற்றுத் தருவது சங்கிலியின் பின்பாதியைத்தான்: கேமரா, எடிட்டிங், ஆங்கரிங். முன்பாதியான செய்தி சேகரிப்பு ஒரு தாளாக, ஐந்து அலகுகளாக, தேர்வுக்கு வரையறைகளாகப் போய்விடுகிறது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

அதே மறியலை இரண்டு பேர் எப்படிக் கொண்டுவருவார்கள் என்று பாருங்கள். முதலாமவர் குடங்களைப் படம் எடுப்பார், கோஷத்தைப் பதிவு செய்வார், இரண்டு பெண்களிடம் பைட் (கேமரா முன் சொல்லும் சிறு பேச்சு) வாங்குவார், போலீஸ் பேச்சுவார்த்தைக்குப் பின் கலைந்து சென்றனர் என்று முடிப்பார். இப்படிப்பட்ட செய்தி தமிழில் தினமும் வருகிறது. எந்த ஊர் என்பதை மாற்றிவிட்டால் எல்லாம் ஒன்றுதான். இரண்டாமவர் சாலையில் பத்து நிமிடம் நின்றுவிட்டு ஊருக்குள் நடப்பார். மேல்நிலைத் தொட்டி எங்கே இருக்கிறது, டேங்க் ஆபரேட்டர் யார், கடைசியாக எந்தத் தேதியில் தண்ணீர் திறந்தார் என்று கேட்பார். தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வருகிறதா, ஊராட்சியின் சொந்த ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறதா என்று விசாரிப்பார். முன்னது என்றால் பதில் சொல்ல வேண்டியது குடிநீர் வடிகால் வாரியம், பின்னது என்றால் ஊராட்சியும் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகமும். மோட்டார் பழுதா, நிலத்தடி நீர் இறங்கிவிட்டதா, குழாய் உடைந்து ஒரு தெருவுக்கு மட்டும் வரவில்லையா? அந்த ஒரு தெருவில் யார் குடியிருக்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பல நேரம் உண்மையான செய்தி இருக்கும்.

இங்கேதான் படிப்பு உதவுகிறது. 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஊரக வீடுகளுக்கு வைத்திருக்கும் அளவு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அந்த எண்ணைத் தெரிந்து வைத்திருக்கும் செய்தியாளர், "தண்ணி வரலைன்னு சொல்றாங்களே?" என்று அதிகாரியிடம் கேட்க மாட்டார். "இந்த ஊர்ல இத்தனை வீட்டுக்குக் குழாய் இணைப்பு கொடுத்தாச்சுன்னு கணக்குல இருக்கு சார், ஒரு ஆளுக்கு 55 லிட்டர் வரணும், இப்ப எவ்வளவு வருது?" என்று கேட்பார். முதல் கேள்விக்கு "நடவடிக்கை எடுக்கிறோம்" என்று பதில் வரும். இரண்டாவதற்கு அதிகாரி கோப்பைத் திறந்தாக வேண்டும். ஆகவே செய்தி சேகரிக்கக் கற்றுத் தருவது என்றால், அரசாணையை, சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது துறைகள் வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பை, தணிக்கை அறிக்கையை, எஃப்ஐஆரைப் படிக்கக் கற்றுத் தருவது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதி, 30 நாளில் பதில் வருகிறதா என்று பார்த்து, வராவிட்டால் மேல்முறையீடு செய்ய வைப்பது. எஃப்ஐஆர்களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், பாலியல் குற்றங்கள் போன்ற வழக்குகளுக்கு விலக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. ஒரு மாணவர் அதைத் தேடி எடுத்து, ஸ்டேஷனில் வாய்மொழியாகச் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பயிற்சிக்கு ஒரு ரூபாய் செலவில்லை, ஸ்டூடியோவும் தேவையில்லை. இதைச் செய்ய வைக்கும் ஆசிரியர் இருக்கும் கல்லூரி, விலை உயர்ந்த கேமராக்கள் பூட்டிக் கிடக்கும் கல்லூரியைவிட உங்களுக்கு நல்லது.

படம் எடுப்பது பற்றிக் கொஞ்சம். செய்திக்கான ஒளிப்பதிவு, சினிமா ஒளிப்பதிவு இல்லை. விஸ்காம் துறைகளில் பல மாணவர்களின் மனம் சினிமாவில் இருப்பதால் இந்த வேறுபாடு மங்கிவிடுகிறது. செய்தியில் கேமரா அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு ஷாட்டும் பத்து நொடி நிற்கட்டும். வைட் (முழுக் காட்சி) ஒன்று, மிட் (நடுத்தரத் தூரம்) ஒன்று, குளோஸ் (நெருக்கம்) நாலைந்து. குடத்தைப் பிடித்திருக்கும் கை, காய்ந்த குழாய், தொட்டியில் எழுதியிருக்கும் ஆண்டு, பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவன். எடிட்டருக்கு வேண்டியது இந்த குளோஸ்கள்தான். இவை இருந்தால்தான் பைட்டை இரண்டாக வெட்டி ஒட்டினாலும் திரையில் குதிக்காது. ஆம்பியன்ஸ் என்று சொல்லும் அந்த இடத்துச் சத்தத்தை யாரும் பேசாமல் அரை நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள். இந்தியத் தொலைக்காட்சி நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் ஓடுகிறது. பல போன்கள் 30-இல் எடுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும், அதை முதலில் மாற்றுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு நொடியில் வைத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் படம் மினுங்காது. இவை எல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். ஒலி அப்படி வராது. படம் கொஞ்சம் இருட்டாக இருந்தாலும் செய்தி ஓடும். பைட் கேட்கவில்லை என்றால் அந்தச் செய்தியே இல்லை. காற்றடிக்கும் சாலையோரத்தில் ஒரு பாட்டி மெதுவாகப் பேசுவதைத் தெளிவாகப் பதிவு செய்யத் தெரிந்த மாணவருக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

பைட் வாங்குவதிலும் ஒரு முறை உண்டு. மைக்கை நீட்டுவதற்கு முன் பெயர், இன்ஷியல், பதவி, ஊர் எல்லாவற்றையும் அவர் வாயால் சொல்லவைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். திரையில் ஒருவரின் பெயர் தப்பாக வருவது அவரை அவமதிப்பது. கேள்வியை "ஆமா, இல்லை" என்று பதில் வராதபடி கேளுங்கள். கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். அவர் நிறுத்திய பிறகும் இரண்டு நொடி பொறுத்தால், பெரும்பாலும் சொல்ல நினைத்ததை அப்போதுதான் சொல்வார். துக்க வீட்டில் மைக்கை நீட்டி "இப்ப எப்படி உணர்றீங்க?" என்று கேட்பதை எந்தச் சூழ்நிலையிலும் பழகாதீர்கள். அலுவலகம் கேட்டாலும்கூட, பேசத் தயாராக இருக்கும் உறவினர் ஒருவரைத் தேடிப் பிடிப்பதுதான் செய்தியாளரின் வேலை.

எழுத்துக்கு வருகிறேன். என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இது. கல்லூரிகளில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் இதுதான். தொலைக்காட்சிச் செய்தி காதுக்கு எழுதப்படுவது. பார்ப்பவர் திரும்பிப் போய் மறுபடி படிக்க முடியாது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால், பத்திரிகை பாணியில் நீள வாக்கியம் எழுதினால் என்ன நடந்தது என்று தெரிவதற்குள் கேட்பவருக்கு ஆரம்பம் மறந்துவிடும். "விருதுநகர் மாவட்டம் அருப்புக்கோட்டை அருகே உள்ள கிராமத்தில் கடந்த ஒரு மாதமாகக் குடிநீர் விநியோகம் செய்யப்படாததைக் கண்டித்து நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் காலிக் குடங்களுடன் சாலை மறியல் போராட்டத்தில் ஈடுபட்டதால் அப்பகுதியில் பரபரப்பு ஏற்பட்டது." இந்த மாதிரி வாக்கியத்தை நீங்கள் ஆயிரம் முறை கேட்டிருப்பீர்கள். இதை உடையுங்கள். "ஒரு மாதமாகத் தண்ணீர் வரவில்லை. அருப்புக்கோட்டை அருகே பெண்கள் இன்று சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பழுதான மோட்டாரை எடுத்துச் சென்றவர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை என்கிறார்கள்." முதல் வடிவத்தில் சொற்கள் அதிகம், விஷயம் குறைவு. காலிக் குடம் படத்தில் இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டியதில்லை. பரபரப்பு ஏற்பட்டதா இல்லையா என்பதைப் பார்ப்பவர் முடிவு செய்துகொள்வார். மோட்டார் போன இடம் படத்தில் இல்லை. அதைத்தான் நாம் சொல்ல வேண்டும். படம் சொல்வதைத் திரும்பச் சொல்லாமல், படத்தால் சொல்ல முடியாததை மட்டும் சொல்வது என்ற இந்த ஒரு பழக்கம் வருவதற்கே ஒரு வருடம் ஆகும். தினமும் எழுதி, தினமும் யாராவது ஒருவர் சிவப்பு மையில் அடித்துக் கொடுத்தால்தான் வரும்.

நீளத்துக்கு என் கைக்கணக்கு, நொடிக்கு ஏறக்குறைய இரண்டு தமிழ்ச் சொல். முப்பது நொடி விஓ (படத்தின் மேல் ஓடும் குரல்) என்றால் அறுபது சொல்லைத் தாண்டக் கூடாது. வாசிப்பவரின் வேகத்தைப் பொறுத்து இது மாறும். இது விதியில்லை, நான் பழகிய அளவு. எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே வாக்கியத்தை வெட்டுங்கள். டெலிப்ராம்ப்டரில் பெரிய எண்களை எழுத்தால் எழுதுவது நல்லது; 1,47,000 என்று இருந்தால் நேரலையில் ஆங்கர் தடுமாற வாய்ப்பு அதிகம், "ஒரு லட்சத்து நாற்பத்தேழாயிரம்" என்று இருந்தால் தடுமாறமாட்டார். இதோடு, தமிழ்99 விசைப்பலகையில் பார்க்காமல் தட்டச்சு செய்யப் பழகிக்கொள்ளுங்கள். தமிழக அரசு 1999-இல் ஏற்றுக்கொண்ட முறை அது. பிரேக்கிங் வரும்போது, வேகமாகவும் பிழையில்லாமலும் தட்டச்சு செய்பவரைத்தான் டெஸ்க் தேடும்.

அடுத்து சரிபார்ப்பு. 2016 டிசம்பர் 5 மாலை, அப்பல்லோ மருத்துவமனையில் இருந்த முதல்வர் ஜெயலலிதா இறந்துவிட்டதாகச் சில தமிழ்ச் சேனல்கள் அறிவித்தன. கட்சி அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை அதை மறுத்தது. சிகிச்சை தொடர்கிறது என்றது. கொடி மீண்டும் ஏறியது. அன்றிரவு 11.30-க்கு அவர் இறந்தார் என்று மருத்துவமனை பிறகு அறிவித்தது. அந்த இடைப்பட்ட மணி நேரங்களில் ஒரு மாநிலமே பதறிக்கொண்டிருந்தது. வகுப்பில் இதை வைத்து நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மரணச் செய்தியை உறுதி செய்ய யாருக்கு அதிகாரம் இருக்கிறது? மருத்துவமனை, குடும்பம், அரசு. "நெருங்கிய வட்டாரம்" என்பது இந்தப் பட்டியலில் இல்லை. மற்ற சேனலில் ஓடுகிறது என்பதும் இல்லை. செய்தி அறையில் உங்களை மிக வேகமாகத் தள்ளும் அழுத்தம் இந்த இரண்டாவதுதான். எதிரே சுவரில் எல்லாச் சேனல்களும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே "இன்னும் உறுதியாகவில்லை" என்று சொல்லும் துணிவு ஒரு பயிற்சிதான். அதை மாணவராக இருக்கும்போதே, தோற்றாலும் யாருக்கும் தீங்கில்லாத இடத்தில், பழகிக்கொள்வது நல்லது.

சட்டத்தைக் கல்லூரியில்தான் கற்க வேண்டும். வேலையில் சேர்ந்த பிறகு உட்கார்ந்து சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது. தவறு செய்தால் வழக்கு உங்கள் பெயரிலும் வரும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 23-ஆவது பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி, ஊர்ப்புறம் என்று அடையாளம் தெரியவரும் எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு தந்த பாதுகாப்பு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 72-ஆவது பிரிவாக இருக்கிறது. முகத்தை மங்கலாக்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அம்மாவின் முகத்தைக் காட்டி, தெருவைக் காட்டி, பள்ளிச் சீருடையைக் காட்டிவிட்டுக் குழந்தையின் முகத்தை மட்டும் மறைப்பதால் பயனில்லை. அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். 2008 மும்பைத் தாக்குதலின்போது பாதுகாப்புப் படையின் நகர்வுகளைச் சேனல்கள் நேரலையில் காட்டியதை, கசாப் வழக்கின் 2012 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. 2015-இல் கேபிள் தொலைக்காட்சி விதிகள் திருத்தப்பட்டு, பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை முடியும் வரை நேரலை கூடாது, நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது தரும் தகவலை மட்டுமே வெளியிடலாம் என்றாயிற்று. ஒரு கல்லூரி இந்தத் தாளை வழக்கறிஞர் ஒருவரை அழைத்து நடத்துகிறது என்றால், அது நல்ல அறிகுறி.

இனி, துறையில் புல்லட்டின் இருக்கிறதா என்பது. சேருவதற்கு முன் அங்கே படிக்கும் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் நேரில் போய்க் கேளுங்கள்: வாரம் ஒரு முறையாவது, குறித்த நாளில், குறித்த நேரத்தில் நீங்கள் ஒரு செய்தித் தொகுப்பை முடித்தே ஆக வேண்டும் என்று இருக்கிறதா? செமஸ்டர் கடைசியில் ஒரு குறும்படமும் ஒரு மாதிரி புல்லட்டினும் எடுத்து மதிப்பெண் வாங்குவது வேறு. வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குத் தொடங்கி 4.15-க்கு முடிய வேண்டும், எது தயாராக இருக்கிறதோ அதுதான் ஓடும் என்பது வேறு. இரண்டாவதில்தான் ரன்டவுன் என்றால் என்னவென்று புரியும். மூன்றாவது செய்தி கடைசி நிமிடத்தில் வரவில்லை என்றால் நான்காவதை மேலே ஏற்றுவதும், கடைசியில் இருபது நொடி மிஞ்சினால் என்ன செய்வது என்பதும், காதில் புரொட்யூசர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆங்கர் வாய் தொடர்ந்து பேசுவதும் அங்கேதான் வரும். இதற்குப் பெரிய ஸ்டூடியோ வேண்டாம். இரண்டு போன், ஒரு லேப்டாப், நேரலைக்கு உதவும், இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎஸ் மென்பொருள் இருந்தால் ஒரு வகுப்பே சிறிய பிசிஆராக மாறிவிடும். வாராவாரம் பொறுப்பு மாற வேண்டும். ஆங்கராக மட்டுமே வருவேன் என்று அடம்பிடிக்கும் மாணவருக்கும் ஒரு வாரம் டிக்கர் (திரையின் அடியில் ஓடும் வரி) தட்டச்சு, ஒரு வாரம் அசைன்மென்ட் என்று வர வேண்டும். நான் பார்த்த வரையில், மற்றவர் வேலையைச் செய்து பார்த்தவர்கள்தான் பிற்பாடு செய்தி அறையில் சண்டை இல்லாமல் நிலைக்கிறார்கள்.

நேராகச் சேனலில் சேர்ந்து கற்கலாமே என்ற உங்கள் கேள்விக்கு நியாயம் இருக்கிறது. 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோதும், 1993-இல் சன் டிவி வந்தபோதும், செய்திப் பிரிவுக்குப் பலர் பத்திரிகையிலிருந்தும் வானொலியிலிருந்தும் வந்தார்கள். தொலைக்காட்சியை வேலையில்தான் கற்றார்கள். சொல்லிக் கொடுக்க மூத்தவர்கள் இருந்தார்கள், நாளுக்குச் சில புல்லட்டின்கள்தான் என்பதால் நேரமும் இருந்தது. 2011-இல் புதிய தலைமுறை வந்த பிறகு தமிழில் 24 மணி நேரச் செய்தி சேனல்கள் பெருகின. இப்போது அதே ஆள் தொலைக்காட்சிக்கும் யூடியூபுக்கும் சமூக ஊடகத்துக்கும் சேர்த்துச் செய்தி தர வேண்டியிருக்கிறது. புதிதாக வருபவரின் ஸ்கிரிப்டைத் திருத்தி உட்கார்ந்து விளக்க யாருக்கும் பொழுதில்லை. அதனால் அடிப்படை தெரியாமல் உள்ளே போனால், முதலில் எது கைக்கு வந்ததோ அதுவே வருடக் கணக்கில் உங்கள் வேலையாகிவிடும் அபாயம் இருக்கிறது. இது என் கணிப்புதான்; அப்படி நேராகப் போய் அருமையான செய்தியாளர்களாக வளர்ந்தவர்களும் எனக்குத் தெரியும்.

கல்லூரி தர முடியாதவையும் உண்டு. தாசில்தார் அலுவலகத்தில், அரசு மருத்துவமனையில், கோர்ட்டில், ஸ்டேஷனில் உங்கள் போனை எடுக்கும் நான்கு பேர் என்ற அந்தத் தொடர்பு, நீங்கள் நியாயமாக நடந்துகொள்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் உருவாகும். அதோடு, தமிழில் கலைஞர் தொலைக்காட்சி, ஜெயா, மக்கள் தொலைக்காட்சி என்று கட்சிகளின் வழி வந்த சேனல்கள் பல. எந்தச் செய்தி மேலே ஏறும், எது இறங்கும் என்பதில் நிர்வாகத்தின் கை இருக்கும். இதைத் தெரிந்துகொண்டே உள்ளே வாருங்கள். சேனலின் சார்பு எதுவாக இருந்தாலும், உங்கள் ஸ்கிரிப்டில் உள்ள பெயரும் எண்ணும் இடமும் சரியாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது. நேரங்காலம் இல்லாத வேலை என்று வீட்டில் யாராவது சொன்னால், அதுவும் உண்மைதான். காலை 6 மணிப் புல்லட்டினுக்கு இருட்டிலேயே அலுவலகம் போக வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேலை இருக்கும்.

படிப்பைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். விஸ்காம் பாடத்திட்டத்தில் ஓவியம், புகைப்படம், விளம்பரம், சினிமா, அனிமேஷன் எல்லாம் உண்டு. செய்தி அதில் ஒரு சிறு பங்கு. உங்கள் ஊருக்கு எட்டும் தூரத்தில் இதழியல் அல்லது மக்கள் தொடர்பியல் துறை, மேலே சொன்ன வாராந்திரப் புல்லட்டினோடு இருந்தால் அதில் சேருங்கள். விஸ்காமிலேயே அப்படி ஒரு ஆசிரியர் இருந்தாலும் சரி. இரண்டும் இல்லை என்றால் பொருளாதாரம், அரசியல் அறிவியல், புள்ளியியல், தமிழ் இலக்கியம் என்று மனதுக்குப் பிடித்த ஒன்றை நன்றாகப் படித்துவிட்டு, பிறகு ஓராண்டு, ஈராண்டு முதுநிலைப் பயிற்சிக்கு வாருங்கள். பட்ஜெட்டைப் புரிந்துகொள்ளும் ஒருவருக்குக் கேமரா கற்றுத் தருவது, கேமரா தெரிந்த ஒருவருக்குப் பட்ஜெட் கற்றுத் தருவதைவிட எளிது. சென்னையில் 2000 முதல் இயங்கும் ஆசிய இதழியல் கல்லூரியில் தொலைக்காட்சிக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஆனால் பயிற்சி ஆங்கிலத்தில், கட்டணமும் அதிகம். கல்வி உதவித்தொகை பற்றிக் கேட்டுப் பாருங்கள். டெல்லியில் 1965-இல் தொடங்கிய இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனமும், ஜாமியா மில்லியாவில் 1982-இல் தொடங்கிய மக்கள் தொடர்பு ஆராய்ச்சி மையமும் நாடு முழுக்க மதிக்கப்படுபவை. நுழைவுத் தேர்வு உண்டு. செய்தியாளர் ஆவதைவிட ஒளிப்பதிவோ எடிட்டிங்கோ ஒலியோதான் பிடிக்கிறது என்று பிற்பாடு தோன்றினால், தரமணியில் அரசு நடத்தும் எம்ஜிஆர் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கட்டணம், இடங்கள், சேர்க்கைத் தேதி எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இடைத்தரகர் சொல்லும் "உறுதியான வேலைவாய்ப்பு" என்ற பேச்சை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

கேமரா வாங்க வேண்டாம். இன்று மாவட்டங்களிலிருந்து வரும் செய்திப் படங்களில் எத்தனையோ போனில் எடுத்தவை. கையில் இருக்கும் போனே போதும். சட்டையில் குத்தும் லேப்பல் மைக் ஒன்று, ஆடாத டிரைபாட் ஒன்று, காற்றுச் சத்தத்தைத் தடுக்கும் பஞ்சுறை ஒன்று வாங்குங்கள். சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். எடிட்டிங் பழக டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு இருக்கிறது, ஓரளவு நல்ல கணினி மட்டும் வேண்டும். சேனல்களில் எடியஸோ பிரீமியரோ இருக்கும். ஒன்றில் கை பழகிவிட்டால் மற்றதற்கு மாற அதிக நாள் ஆகாது. கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் உங்கள் ஊராட்சியின் தொட்டியையும், ரேஷன் கடையையும், ஊருக்கு வரும் கடைசிப் பேருந்தையும் வைத்து மூன்று செய்திகளை, ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்துக்கு மிகாமல், செய்து பாருங்கள். ஒவ்வொன்றிலும் குறை சொன்னவர் ஒருவர் பைட்டும், பதில் சொல்ல வேண்டியவர் பைட்டும் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது பைட்டுக்காக ஓர் அலுவலக வாசலில் எவ்வளவு நேரம் காத்திருக்க உங்களால் முடிகிறது என்று பாருங்கள். இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அப்பா தரும் ஒரு லட்சத்தை அப்படியே வங்கியில் போட்டு வையுங்கள். டிகிரி முடித்து முதுநிலைப் பயிற்சிக்குப் போகும் ஆண்டில், சென்னையிலோ டெல்லியிலோ விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் அது தேவைப்படும்.